ரெப்பாசிட்டரிக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

திங்கள் இரவு | மொழிபெயர்ப்பவர், திருப்பரங்குன்றம்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் எல்லாத் துறை மாணவர்களும் தங்கள் செயல்திட்ட அறிக்கை, கருத்தரங்கக் கட்டுரை, பாடக்குறிப்பு, பழைய வினாத்தாள் ஆகியவற்றை ஒரே இடத்தில் போட்டு வைக்க ஒரு தளம் அமைக்கிறோம். எந்தத் துறைக்காரரும் எடுத்துப் படிக்கலாம். மென்பொருள் டிஸ்பேஸ், 2002இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் எச்.பி. நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். திரைச்சொற்களைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மற்றதெல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டது. இப்படிப் போட்டு வைக்கும் இடத்துக்கான ரெப்பாசிட்டரி என்ற சொல் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இப்போதைக்குக் 'களஞ்சியம்' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை திறப்பு விழா. திரையின் பட்டியில் (மெனுவில்) இடம் குறைவு என்பதால் நீளமான சொல் வந்தால் வரி உடைந்துவிடும். கருணை காட்டுங்கள்.

செவ்வாய் காலை | ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்

தம்பி, களஞ்சியம் நெல் கொட்டுகிற இடம். தவிர, கலைக்களஞ்சியம் என்ற பெயரில் பத்துத் தொகுதிகள் வந்த நாளிலிருந்து, அறிஞர்கள் சரிபார்த்து எழுதிய நூல் என்றே அச்சொல் மனத்தில் பதிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு மாணவன் தேர்வுக்கு முந்தைய இரவு எழுதிய குறிப்பை அதில் போட்டால் சொல்லுக்கும் இழுக்கு, மாணவனுக்கும் பயம்.

வள்ளுவர் கொடுத்த சொல் இருக்கிறதே. பசித்தவனின் பசியைத் தீர்ப்பதே பொருள் பெற்றவனுக்குப் 'பொருள்வைப்புழி' என்கிறார் ஈகை அதிகாரத்தில். வைப்பு, உழி, வைக்கும் இடம். நாலடியாரில் கல்வி அதிகாரத்தையும் பாருங்கள். 'வைப்புழிக் கோட்படா, வாய்த்தீயிற் கேடில்லை' என்று கல்வியைப் பற்றியே பேசுகிறது. வைத்த இடத்தில் பிறர் கவர முடியாது, தக்கவருக்குக் கொடுத்தால் குறையாது. கணினி பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே உங்கள் தளத்துக்கு எழுதிய பாட்டு இது. நான்கே எழுத்தில் அடங்கிய சொல்லை விட்டுவிட்டு எங்கே தேடுகிறீர்கள்?

செவ்வாய் மதியம் | நூலகர், தல்லாகுளம்

ஐயா, முதலில் எண்ணிப் பார்த்தேன். வை, ப், பு, ழி. நான்குதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு மேசைக்கு எதிரே நிற்கும் பிள்ளைதான் கணக்கு. மதிய இடைவேளையில் வந்த முதலாண்டு மாணவர் மூன்று பேரிடம் 'வைப்புழி' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன் என்று வையுங்கள். இல்லை, உண்மையாகவே காட்டினேன். ஒருவர் வங்கி என்றார். இன்னொருவர் குப்பைக் குழியா என்று கேட்டார். மூன்றாமவர் எழுத்துப் பிழை என்று என்னைத் திருத்தினார்.

சொல் எதுவானாலும் அந்த இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு வழி பிறந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி கொண்டுவந்த பிறகு மின்பிரதிகள் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளத்துக்குப் போகின்றன. முதுகலை மாணவர் எழுதுகிற அறிக்கைக்கு யார் இருக்கிறார்கள்? கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, துறை அலமாரியில் சில ஆண்டு வாசம், பிறகு எடைக்கு. ஓரிடத்தில் அப்படிக் கட்டி வைத்திருந்த மூட்டையை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

என் வாக்கு களஞ்சியத்துக்கே.

செவ்வாய் இரவு | மென்பொருள் பொறியாளர், பெங்களூரு (ஊர் உசிலம்பட்டிப் பக்கம்)

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குலுக்கை என்று வைத்தால் என்ன?

சென்னைக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பத்தா வீட்டின் உள்ளறையில் ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த குலுக்கை ஒன்று நின்றது. மேல் வாய் வழியாகத்தான் தானியத்தைக் கொட்டுவார்கள். அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதற்குத் துணி அடைப்பு. அடைப்பை உருவினால் வரகு சரசரவென்று முறத்தில் இறங்கும். போடும் வாய் வேறு, எடுக்கும் வாய் வேறு! பதிவேற்றமும் பதிவிறக்கமும் இதைவிடத் தெளிவாக எங்கே இருக்கிறது? களஞ்சியத்தைப் போலக் கதவைத் திறந்து உள்ளே போகவும் வேண்டாம்.

ஐயா சொன்ன நாலடியார் வரியில் எனக்கு ஒரு சந்தேகம். 'கோட்படா' என்றால் வைத்த இடத்திலிருந்து பிறர் எடுத்துக்கொள்ள முடியாது என்றுதானே பொருள்? நாம் தளம் தொடங்குவதே எடுத்துக்கொள்வதற்காகத்தானே?

புதன் காலை | தமிழ் விரிவுரையாளர், திருமங்கலம்

குலுக்கை அருமை. மாணவர்கள் லாட்டரிக் குலுக்கல் என்று நினைத்துக்கொண்டு பரிசு என்ன என்று கேட்பார்கள்.

வைப்புழியில் எனக்கு இலக்கணத் தடை. நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகள் சொல்கிறது. அதில் உழியும் ஒன்று. 'வைப்புழியில் பதிவேற்றுக' என்று பொத்தானில் எழுதினால் ஏழன் உருபின்மேல் ஏழன் உருபு ஏறி உட்கார்கிறது. வகுப்பில் எந்த முகத்தோடு இதைச் சொல்லிக்கொடுப்பேன்?

புதன் காலை, அரை மணி கழித்து | தமிழாசிரியர், மேலூர்

அம்மா, அந்த 28ஐ இன்னொரு முறை படியுங்கள். 'உள் அகம் புறம் இல்' என்று முடிகிறதே, அதில் அகம் இருக்கிறது. 'நூலகத்தில்' என்று நீங்கள் நாள்தோறும் எழுதவில்லையா? அங்கே அகத்தின்மேல் இல் ஏறி உட்கார்ந்து பல காலம் ஆயிற்று, கூரை இடியவில்லை. இடப்பெயராக நின்றால் பெயர், உருபாக நின்றால் உருபு.

பெங்களூருத் தம்பிக்கு: கோட்படா என்பது கள்வனைக் குறித்தது. கேட்டு வாங்குபவனுக்கு அடுத்த சீரிலேயே விடை இருக்கிறது. பாதி வரியோடு கிளம்பி வரக் கூடாது.

புதன் மாலை | விலங்கியல் ஆய்வு மாணவி, பல்கலைநகர்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள்.

என் ஆய்வு மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் அயிரை, கெளுத்தி போன்ற நாட்டு மீன்கள் குறைந்தது பற்றி. எந்தக் கண்மாயில் எந்த ஆண்டு என்ன குஞ்சு விட்டார்கள் என்று தெரியாமல் ஊர் ஊராக அலைந்தேன். ஒருநாள் செராக்ஸ் கடையில் என் முறைக்குக் காத்திருந்தபோது, யாரோ விட்டுப்போன சுருள்கம்பிப் பிரதி ஒன்று கிடந்தது. மீன்பாசி (கண்மாய் மீன்பிடி உரிமை) ஏலம் பற்றிப் பொருளியல் மாணவர் ஒருவர் எழுதிய எம்.ஏ. அறிக்கை. அவருக்குத் தேவை ஏலத்தொகை; பின்னிணைப்பில், போகிற போக்கில், குத்தகைக்காரர்கள் விட்ட கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளைக் கண்மாய்வாரியாகக் கையால் அட்டவணை போட்டிருந்தார். அவருக்கு உதவாத பக்கம், எனக்கு ஓர் அத்தியாயம். கடைக்காரர் அதைத் தூக்கிப் போட்டிருந்தால்?

ஒரு துறை வைத்ததை இன்னொரு துறை எடுப்பதுதான் இங்கே விஷயம். அது சொல்லில் தெரிய வேண்டும். பகிர்வகம் என்று வைக்கலாமே.

புதன் இரவு | தமிழாசிரியர், மேலூர்

நல்ல கதை அம்மா. சொல்தான் தவறு. பகிர் என்பதற்கு வேர் பகு. பகுதி, பகல், பங்கு, ஏன் பகைகூட அங்கிருந்து வந்ததுதான். பகுத்தால் குறையும். 'பகுத்துண்டு' என்பது சோற்றுக்குச் சொன்னது. ஓர் இட்லியைப் பகிர்ந்தால் ஆளுக்குப் பாதி. பாடக்குறிப்பைக் கொடுத்தால் இருவரிடமும் முழுசாக இருக்கிறதே?

புதன் இரவு | விலங்கியல் ஆய்வு மாணவி, பல்கலைநகர்

வாட்ஸ்அப்பில் படத்தைப் பகிர்ந்தால் என்னிடம் பாதிப் படமா மிஞ்சுகிறது ஐயா?

வியாழன் காலை | தமிழ் விரிவுரையாளர், திருமங்கலம்

இதில் மாணவியின் பக்கம் நிற்கிறேன். வேரைப் பார்த்தே சொல்லைத் தேர்ந்தெடுப்பதென்றால் பல்கலைக்கழகத்தை இழுத்து மூட வேண்டியிருக்கும். சூது அதிகாரத்தில் 'கழகத்துக் காலை புகின்' என்று வள்ளுவர் எச்சரிப்பது சூதாடுகிற இடத்தை. அந்தக் கழகத்தில்தான் நாம் பட்டம் வாங்கினோம்.

துறை என்ற சொல் மட்டும் என்ன? பரிபாடலில் வைகையின் திருமருத முன்துறை நீராடும் இடம். இன்று அது பொருளியல் துறை, விலங்கியல் துறை. ஒரே ஆற்றில் வேறு வேறு படிக்கட்டு என்று எடுத்துக்கொண்டால், ஒரு துறையில் விட்டது இன்னொரு துறையில் கரை ஒதுங்கத்தான் செய்யும்.

வியாழன் மதியம் | மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

ஆற்றைத் தொட்டுவிட்டீர்கள். வடக்கே சோத்கங்கா இருக்கிறது, நாம் 'ஆய்வு வைகை' என்று வைத்துவிடலாம். குண்டோதரன் தாகம் தீர இறைவன் 'வை கை' என்றதால் வைகை ஆயிற்று என்பது நம் ஊர்க்கதை. வைப்பும் வந்துவிட்டது, கையும் வந்துவிட்டது.

வியாழன் மதியம் | நூலகர், தல்லாகுளம்

வைகை என்று பெயர் வைத்தால் ஆண்டில் எத்தனை நாள் அதில் ஏதாவது இருக்கும் தம்பி?

வியாழன் இரவு | மொழிபெயர்ப்பவர், திருப்பரங்குன்றம்

இங்கே வந்தவை, எனக்குத் தனியாக வந்தவை எல்லாம் சேர்த்து: களஞ்சியம் 6, பகிர்வகம் 4, வைப்புழி 2, குலுக்கை 1. களஞ்சியத்துக்கு வாக்களித்தவர்களில் மூவர் 'எதையாவது வைத்து முடியுங்கள்' என்றும் எழுதியிருக்கிறார்கள். எனவே முகப்பில் களஞ்சியம். மாணவர் குறிப்புகள் உள்ள பகுதிக்குப் 'பாடக்குறிப்பு களஞ்சியம்'. பகிர்வகத்தை அடுத்த பதிப்பில் பேசுவோம். தளம் ஓடுகிற வழங்கிக்கு (சர்வருக்கு) ஏதோ ஒரு பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. அது வெளியே தெரியாது என்பதால் குலுக்கை என்று வைத்துவிட்டேன்.

வெள்ளி காலை | தமிழாசிரியர், மேலூர்

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். வைப்புழி இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் வரும்.

அது கிடக்கட்டும், குறிப்பு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். வல்லினம் வந்தால் மிகும். 'பாடக்குறிப்புக் களஞ்சியம்' என்று க் போடுங்கள். தோற்ற சொல்லைத்தான் விட்டுவிட்டேன், ஒற்றை விட மாட்டேன்.

வெள்ளி காலை | மொழிபெயர்ப்பவர், திருப்பரங்குன்றம்

போட்டுப் பார்த்தேன் ஐயா. வரி உடைகிறது.

வெள்ளி காலை | தமிழாசிரியர், மேலூர்

உடையட்டும்.