லேப்டாப்பில் யாரோ ஒரு கம்பெனி பெயர் வருகிறது, உள்ளே போக முடியவில்லை. அவசர உதவி!

பிறை_குமரன் · திங்கள், இரவு 11.42

வணக்கம். மகளின் லேப்டாப்பைத் திறந்தால் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து நிற்கிறது. அந்தக் கம்பெனியின் இமெயிலும் பாஸ்வர்டும் கேட்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அங்கே வேலை செய்யவில்லை. வியாழக்கிழமைக்குள் அவள் அசைன்மென்ட் அனுப்ப வேண்டும். கடைக்காரர் கையை விரித்துவிட்டார். எப்படித் திறப்பது என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். நைட் ஷிஃப்டில் இருக்கிறேன், இடையிடையே பார்ப்பேன்.

சுங்கை_நிபோங் · 11.50

அண்ணே, எந்த மாடல்? புதியதா, பழையதா? எப்போது வாங்கியது? நேற்று வரை ஓடியதா? விண்டோஸ் வந்த பிறகு கேட்கிறதா, அதற்கு முன்பே கேட்கிறதா? ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

மின்_மணியம் · 11.58

இது பயாஸ் பாஸ்வர்டுதான், விண்டோஸுக்கு முன்பே மெஷினைக் கிளப்பும் புரோகிராமின் பூட்டு. அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினால் உள்ளே இருபது காசு அளவில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எத்தனையோ மெஷினை இப்படித் திறந்து கொடுத்திருக்கிறேன்.

சுங்கை_நிபோங் · செவ்வாய், 12.04

பயாஸ் பாஸ்வர்டு இமெயில் கேட்காது ஐயா. அண்ணே, இப்போதைக்கு எதையும் கழற்றாதீர்கள். முதலில் படம்.

செல்வி_பட்டர்வொர்த் · 12.20

பணம் ஏதாவது கேட்கிறதா? எங்கள் பக்கத்து வீட்டில் இப்படித்தான் ஒரு வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டது. முதல் வேலையாக பேங்க் பாஸ்வர்டை மாற்றுங்கள் அண்ணா.

கணினி_வாத்தியார் · காலை 7.15

பத்து வருடமாக இங்கே பதில் எழுதுகிறேன். மாடலைச் சொல்லாமல், என்ன நடந்தது என்று சொல்லாமல் அவசரம் என்று மட்டும் போட்டால் யாரும் ஜோசியம் பார்க்க முடியாது. பேட்டரி, வைரஸ் என்று சொல்பவர்களும் தெரிந்த விஷயத்தில் மட்டும் எழுதுங்கள். குமரன், ஒரே ஒரு கேள்வி. லேப்டாப்பை ரீசெட் செய்தீர்களா, இல்லையா?

பிறை_குமரன் · 8.30

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். மன்னிக்கவும், நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன்.

பழைய லேப்டாப். 14 அங்குலம், ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி. மார்ச் மாதம் இங்கே பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் 850 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். ஐந்து மாதம் நன்றாகத்தான் ஓடியது. இடம் நிறைந்து மெதுவாகிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை மகள் ரீசெட் செய்தாள். மறுபடி ஆன் ஆகி, மொழி கேட்டது, வைஃபை கேட்டது. வைஃபை கொடுத்ததும் இந்தத் திரை. அசைன்மென்ட் தம்ப் டிரைவில் இருக்கிறது, அது தப்பித்தது.

நேற்று கடைக்குப் போனேன். "நீங்களே ரீசெட் செய்துவிட்டு என்னிடம் வந்தால் எப்படி? வாரண்டி ஒரு மாதம்தான்" என்றார். சுவரில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அட்டையைக் காட்டினார்.

படம் போட்டிருக்கிறேன். அடிப்பக்கத்தையும் எடுத்தேன். அங்கே ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம் இருக்கிறது. பசையில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கிறது, பார்கோடின் நாலைந்து கோடுகள் மட்டும் ஓரத்தில் மிச்சம். வாங்கும்போது இதைக் கவனிக்கவே இல்லை.

கணினி_வாத்தியார் · 8.55

இதை முதலிலேயே எழுதியிருந்தால் ஒரு இரவு மிச்சமாகியிருக்கும்.

இது ஆட்டோபைலட். கம்பெனிகளுக்காக மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஏற்பாடு. சீரியல் எண், மதர்போர்டு அடையாளம், நெட்வொர்க் கார்டின் எண் எல்லாம் சேர்ந்து அந்த மெஷினுக்கு ஒரு கைரேகை போல ஆகும். அந்தக் கைரேகையைக் கம்பெனி தன் பெயரில் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிந்து வைத்துவிடும். விண்டோஸ் முதல் முறை செட்அப் ஆகும்போது இன்டர்நெட் கிடைத்தவுடன் சர்வரைக் கேட்கும். பதிவு இருந்தால் அந்தக் கம்பெனியின் வாசல் திறக்கும், உங்கள் வாசல் திறக்காது. விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும், உள்ளே இருக்கும் டிஸ்கை (எஸ்எஸ்டி) மாற்றினாலும் போகாது, ஏனென்றால் பதிவு லேப்டாப்பில் இல்லை, சர்வரில் இருக்கிறது. அதை நீக்க அந்தக் கம்பெனியின் ஐடி ஆளைத்தான் கேட்க வேண்டும்.

கடையில் நெட் கொடுக்காமல் விண்டோஸ் போட்டிருப்பார்கள். அதனால்தான் ஐந்து மாதம் ஒன்றும் தெரியவில்லை.

மற்றபடி, செகண்ட் ஹேண்ட் வாங்கினால் இதுதான் கதி. பழைய பொருளுக்குச் சட்டமும் கிடையாது, வாரண்டியும் கிடையாது. 850 வெள்ளியைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ்_கதிர் · 9.20

அண்ணா, வியாழக்கிழமைக்கு வழி இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் வகையான உபுண்டுவை ஒரு தம்ப் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டலாம். உள்ளே இருக்கும் டிஸ்கைத் தொடவே வேண்டாம். ஆட்டோபைலட் விண்டோஸின் விஷயம், லினக்ஸுக்கு அது தெரியாது. தங்கச்சி பிரௌசரில் எழுதி அனுப்பிவிடலாம். அப்புறம் ஆற அமர உபுண்டுவையே நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

தாமான்_அக்கா · 10.05

கதிர் தம்பி, தம்ப் டிரைவ் யோசனை நல்லது, வியாழக்கிழமைக்கு அதையே செய்யட்டும். நிரந்தரமாக மாற்றுவது மட்டும் இப்போது வேண்டாம். அந்தத் திரைதான் குமரனிடம் இருக்கும் சாட்சி. ஆன் செய்வதிலிருந்து கம்பெனி பெயர் வரும் வரை, சீரியல் எண்ணும் தெரிகிற மாதிரி, வெட்டாமல் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்.

வாத்தியார் ஐயா, தொழில்நுட்பத்தில் நீங்கள் சொன்னதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. சட்டத்தில் சொன்னது தவறு. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளை ஒதுக்கவில்லை. பழைய கார் வாங்கி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் வழக்குகளை விசாரிக்கும் டிரிபியூனலுக்குப் போகத்தான் செய்கிறார்கள். 32ஆவது பிரிவு ஏற்கத்தக்க தரத்தைப் பற்றியது. அதில் விலை, பொருளின் தன்மை எல்லாம் பார்ப்பார்கள். ஆகவே 850 வெள்ளி லேப்டாப்பின் மூடியில் கீறல் இருக்கிறது என்று வாதாட முடியாது. ஆனால் குமரனுக்கு உதவுவது அதற்கு முந்தைய 31ஆவது பிரிவு. விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும், வாங்கியவர் அந்தப் பொருளை யாருடைய இடையூறும் இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். காசு கொடுத்து வாங்கிய பொருள் இன்னொருவரின் பாஸ்வர்டைக் கேட்டு நின்றால் அது இடையூறு இல்லாமல் வேறென்ன?

சுவரில் அட்டை மாட்டிவிட்டால் சட்டம் செத்துவிடாது. இந்தச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது என்று 6ஆவது பிரிவே சொல்கிறது. ரீசெட் செய்தது மகளின் குற்றமும் இல்லை. ரீசெட் விண்டோஸிலேயே இருக்கும் ஒரு பொத்தான். அதைத் தொட்டதும் பறிபோகிற லேப்டாப்பை விற்றது யார்?

கணினி_வாத்தியார் · 10.30

சட்டம் பேசுவது சுலபம். 850 வெள்ளிக்கு வக்கீல் வைத்தால் வக்கீலுக்கே 3,000 ஆகும்.

தாமான்_அக்கா · 10.48

டிரிபியூனலில் வக்கீல் வைக்கவே முடியாது ஐயா, அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் பதிந்தால் போதும். நான் வக்கீல் ஆபீசில் கிளார்க்காக இருந்தவள், ஆனால் இது அங்கே கற்றதில்லை. என் வாஷிங் மெஷினுக்காக நானே பாரம் 1, அதாவது வழக்குப் பதியும் படிவம், நிரப்பிப் போனேன். அட்டை மாட்டிய கடைதான் அதுவும். விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது கடையிலிருந்து கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

குமரன், ரசீது இருக்கிறதா? அதில் கடைப் பெயர் மட்டுமா, பதிவு எண்ணும் இருக்கிறதா?

சுங்கை_நிபோங் · 11.15

அதற்கெல்லாம் முன்னால் இது திருட்டு மெஷினா என்று பார்க்க வேண்டாமா?

லினக்ஸ்_கதிர் · 11.22

திருட்டு என்றால் ரசீது போட்டு விற்பார்களா? நெட் கொடுக்காமல் செட்அப் செய்ய வழி இருக்கிறது, கடைக்காரர் செய்ததும் அதுதான். அண்ணா அதையே செய்துவிட்டுப் போகலாம். சொந்தக் காசில் வாங்கிய பொருளைத் திறப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

சுங்கை_நிபோங் · 11.31

கணினிக் குற்றச் சட்டம் 1997 என்று ஒன்று இருக்கிறது தம்பி. அனுமதியில்லாமல் நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. படிக்கிற பிள்ளையின் பெயரைக் கெடுக்காதீர்கள்.

லினக்ஸ்_கதிர் · 11.40

அது அடுத்தவர் கணினிக்குள் நுழைவதற்கு. இது அண்ணனின் கணினி!

சுங்கை_நிபோங் · 11.43

அண்ணனுடையதுதானா என்பதே இன்னும் தெரியவில்லை என்கிறேன்.

மின்_மணியம் · 12.10

அந்தக் காலத்தில் ரேடியோ வாங்கினால் ரேடியோ நம்முடையது. உள்ளே எந்த வால்வை மாற்றினாலும் கேட்பார் இல்லை. இப்போது விண்டோஸையும் வாடகைக்குத்தான் தருகிறார்களா? லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி என்றால் நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

கணினி_வாத்தியார் · 12.25

ஐயா, லைசென்ஸ் வேறு, பதிவு வேறு. இப்படிப்பட்ட மெஷினில் விண்டோஸ் கீ பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும், மெஷின் கை மாறினால் அதுவும் கூடவே போகும். இங்கே சிக்கல் லைசென்ஸ் இல்லை. கதிர் சொல்லும் வழியில் திறந்தாலும் பதிவு சர்வரில் அப்படியேதான் இருக்கும். அடுத்த ரீசெட்டில் இதே திரை வரும். நாளைக்குக் குமரன் இதை வேறு யாருக்காவது விற்றால் அவர் இங்கே வந்து இதே கேள்வியைக் கேட்பார்.

பாயான்_ஷிஃப்ட் · பிற்பகல் 2.40

பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரி ஐடியில் வேலை செய்கிறேன். கம்பெனிப் பெயரை யாரும் இங்கே எழுத வேண்டாம், படத்திலும் மறைத்துவிடுங்கள்.

எங்களிடம் லேப்டாப் மூன்று நாலு வருடம் ஓடும். அப்புறம் மொத்தமாக ஒரு வியாபாரிக்குப் போகும். அவர் இன்னொருவருக்கு, அவர் கடைக்கு. டிஸ்கைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் கொடுக்கிறோம். ஆனால் ஆட்டோபைலட் பட்டியலிலிருந்து எடுப்பது தனி வேலை, தனி ஆளின் பொறுப்பு. ஒருவர் விடுப்பில் போனால் நாற்பது மெஷின் அப்படியே தங்கிவிடும். நானே பார்த்திருக்கிறேன். ஆகவே பெயர் வந்ததால் மட்டும் திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம், திருட்டு இல்லை என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

குமரன் அண்ணே, அந்தக் கம்பெனியின் இணையத்தளத்தில் பொது முகவரி இருக்கும். ஐடி பிரிவுக்கு என்று போட்டு எழுதுங்கள். சீரியல் எண், ரசீதுப் படம், திரையின் படம் மூன்றும் வையுங்கள். "இது நீங்கள் விற்றதா, காணாமல் போனதா? விற்றது என்றால் உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பாஸ்வர்டு கேட்காதீர்கள், கேட்டால் மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்கள். சீரியல் எண் ஒன்றை வைத்தே எங்களால் தேடி எடுக்க முடியும், இரண்டு நிமிட வேலை.

செல்வி_பட்டர்வொர்த் · 3.05

காணாமல் போனது என்று சொன்னால்?

தாமான்_அக்கா · 3.30

அப்படியானால் அன்றே ரசீதோடு போலீசில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும், லேப்டாப்பைத் தொடக் கூடாது. கடைக்காரரின் நிலைமை அப்போது இன்னும் மோசம், விற்கும் உரிமையே இல்லாத பொருளை விற்றவர் ஆகிவிடுவார்.

குமரன், கடைக்கும் இன்றே எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும். வாங்கிய தேதி, விலை, சீரியல் எண், என்ன நடந்தது, ஏழு நாளில் சரிசெய்து தர வேண்டும், இல்லையென்றால் பணம். கோபமாக ஒரு வரியும் வேண்டாம், டிரிபியூனலில் அதைத்தான் வாசிப்பார்கள். எதிர்த்தரப்பாகக் கடையின் பதிவுப் பெயரைத்தான் போட வேண்டும், பலகையில் இருக்கும் பெயரை அல்ல. ரசீது முத்திரையில் இல்லையென்றால் கம்பெனிகளைப் பதியும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் தேடலாம்.

பிறை_குமரன் · இரவு 9.10

ரசீது இருக்கிறது. கையால் எழுதியது, முத்திரையில் எண் மங்கலாகத் தெரிகிறது. இரண்டு பேருக்கும் எழுதிவிட்டேன். கடைக்காரர் பார்த்துவிட்டார், பதில் இல்லை. தம்ப் டிரைவில் உபுண்டு ஓடுகிறது, மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். கதிர் தம்பிக்கு நன்றி.

லினக்ஸ்_கதிர் · வெள்ளி, காலை 8.00

அண்ணா, அசைன்மென்ட் போய்ச் சேர்ந்ததா?

சுங்கை_நிபோங் · அடுத்த புதன்

குமரன் அண்ணே, ஏழு நாள் ஆகிவிட்டது. கடை என்ன சொன்னது?

தாமான்_அக்கா · அதற்கடுத்த திங்கள்

பாரம் 1 நிரப்ப உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், உட்கார்ந்து எழுதிவிடலாம்.

பிறை_குமரன் · வியாழன், இரவு 11.15

தாமதத்துக்கு மன்னிக்கவும், தொடர்ந்து ஓவர்டைம். அசைன்மென்ட் அன்றே போய்விட்டது. கம்பெனியிலிருந்து ஒன்பதாவது நாள் பதில் வந்தது. அவர்கள் விற்ற மெஷின்தான், பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடி ரீசெட் செய்தோம், மகளின் பெயரை மட்டும் கேட்டது. கடைக்காரர் கடைசி வரை பதில் போடவில்லை. எல்லோருக்கும் நன்றி.

பாயான்_ஷிஃப்ட் · 11.30

மகிழ்ச்சி அண்ணே. அவர்கள் எடுத்தது உங்கள் சீரியல் எண்ணை மட்டும்தான் இருக்கும். அதே கடையில் அதே மாடல் வேறு இருந்ததா?

பிறை_குமரன் · வெள்ளி, 12.05

முந்தாநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கண்ணாடி அலமாரியில் ஆறு இருக்கிறது. 799 வெள்ளி என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், அதே இடத்தில் அதே பசை.

தாமான்_அக்கா · 12.20

அந்த ரசீதையும் வீடியோவையும் அழித்துவிடாதீர்கள் குமரன். உள்நாட்டு வாணிப அமைச்சின் பினாங்கு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். காலையில் நானும் வருகிறேன், எத்தனை மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது?