ஜப்பானில் ஆசிரியப் பணி: வார இறுதிப் பயணங்கள்

கேள்வி:
ஒசாகாவில் உதவி ஆங்கில ஆசிரியராக அண்மையில் பணியில் சேர்ந்துள்ளேன். சனி, ஞாயிறு மட்டுமே ஓய்வு என்பதால், திங்கட்கிழமை வகுப்புக்குக் களைப்பின்றிச் செல்லும்படியான பயணங்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
முதலில் ஹிமெஜி கோட்டைக்குச் செல்லுங்கள். 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கோட்டைக்கு, கூடுதல் கட்டணமில்லாத விரைவு ரயிலிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம். காலணிகளைக் கழற்றிப் பையிலிட்டுக் கையில் பிடித்தபடி, செங்குத்தான மரப்படிகளில் ஏறி உச்சித் தளத்தை அடையும்போது, நகரம் முழுவதும் கண்முன் விரிவதைக் காண்பது உண்மையிலேயே பேரின்பம்.

பதில் 2:
ஜப்பானின் பண்டைய தலைநகரான நாராவும் அருகில்தான். ஏப்ரல் இறுதியில் தொடங்கும் 'பொன் வாரம்' என்னும் தொடர் விடுமுறையில் கூட்டம் மிகுதி.

பதில் 3:
எல்லா வாரமும் வெளியூர் செல்ல வேண்டாம். மாணவர்களின் விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடைபெறும். அங்கே நீங்கள் வந்து நின்றால், வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளும் தாமாகவே வந்து பேசுவார்கள்.