கலைச்சொல்: நின்ற இடத்திலேயே உயரமானி காட்டும் ஏற்றம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மலையேறுபவர்கள் அணியும், உயரம் காட்டும் கைக்கடிகாரங்களுக்கான தமிழ்ச் சொற்களை நம் கலைச்சொல் பதிவேட்டுக்காகப் பேசிவருகிறோம். உயரமானி, அழுத்தமானி என்ற இரு சொற்களிலும் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. உரையாடல் நின்றுபோனது இந்தக் கேள்வியில்தான்:

> இரவு முழுக்க ஒரே இடத்தில் தங்கியும் காலையில் கைக்கடிகாரம் 40 மீட்டர் கூடுதலாகக் காட்டினால், அதைப் 'பொய்யேற்றம்' என்று சொல்லலாமா?

சொல் கச்சிதமாக இருக்கிறது, வாயிலும் எளிதாக வருகிறது. ஆனாலும் அந்தப் 'பொய்' எனக்கு உறுத்துகிறது. இவ்வகைக் கடிகாரத்தின் உணரி அளப்பது காற்றழுத்தத்தை. கடல்மட்டத்துக்கு அருகில் சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறையும். 3000 மீட்டர் உயரத்தில் அதே குறைவுக்குச் சுமார் 11 மீட்டர் ஏற வேண்டும். இந்தக் கணக்கை வைத்துத்தான் கடிகாரம் அழுத்தத்தை மீட்டராக்கிக் காட்டுகிறது. நாம் அசையாமல் இருக்கும்போது வானிலை மாறி அழுத்தம் இறங்கினாலும், கடிகாரத்துக்கு அது ஏற்றம்தான். தாழ்வான இடம் என்றால் அந்த 40 மீட்டருக்குப் பின்னால் ஏறக்குறைய 5 ஹெக்டோபாஸ்கல் வீழ்ச்சி இருக்கிறது. ஓர் இரவுக்கு அது பெரிய வீழ்ச்சி. மோசமான வானிலை நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆக, அளவீடு மெய்யானது. அதை உயரமாக வாசித்ததில்தான் பிசகு. கூடாரத்தில் இருப்பவர் 'பொய்' என்று படித்துவிட்டால் என்ன செய்வார்? உயரத்தைப் பழைய எண்ணுக்குத் திருத்திவிட்டு மேலே நடக்கத் தொடங்குவார். அவர் நின்று யோசிக்க வேண்டிய நேரமே அதுதான்.

என் பரிந்துரை: தோற்ற ஏற்றம். இயற்பியல் பாடநூல்களில் 'தோற்ற ஆழம்', 'தோற்ற எடை' என்று ஏற்கெனவே படித்திருக்கிறோம்; அதே வார்ப்பு. அழுத்தம் கூடும்போது உயரம் குறைந்ததாகத் தெரிவதற்குத் 'தோற்ற இறக்கம்' என்ற இணையும் தானாகக் கிடைத்துவிடுகிறது. வரையறை இப்படி இருக்கலாம்: இடம் மாறாதபோது காற்றழுத்தம் குறைவதால் உயரமானியில் தெரியும் உயர்வு.

அப்புறம், அழுத்தம் வேகமாக இறங்கும்போது கடிகாரம் எழுப்பும் எச்சரிக்கை ஒலிக்கு முன்மொழியப்பட்ட 'புயல் மணி'. இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். சூன்டோ நிறுவனத்தின் பல கடிகாரங்களில் 3 மணி நேரத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும். அந்த ஒலிக்குப் புயல் வருகிறது என்று பொருள் இல்லை. தமிழில் புயல் என்றதும் கடலில் உருவாகிக் கரையைக் கடக்கும் பெரும் சுழற்சிதான் நினைவுக்கு வரும். 'இடிமழை மணி' என்றாலும் சரிவராது. தனித்து உருவாகும் இடிமேகம் பல நேரம் அழுத்தத்தில் முன்னறிகுறி எதையும் தராது. அதிலிருந்து குளிர்காற்று வந்து மோதும்போது அழுத்தம் சட்டென்று ஏறவும் செய்யும். கடிகாரத்தை நம்பி வானத்தைப் பார்க்காமல் இருக்கச் செய்யும் பெயர் வேண்டாம். 'அழுத்தச் சரிவு மணி' போதும். 'தாழ்வு' ஏற்கெனவே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிக்குப் போய்விட்டதால் அதைத் தொடவில்லை.

'வளிமண்டல ஓதம்' என்ற முன்மொழிவை மனமார ஏற்கிறேன். இந்தக் கருத்துக்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். சூரிய வெப்பத்தால் அழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்குகிறது: காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சம், அதிகாலை, மாலை 4 மணி வாக்கில் தாழ்நிலை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இந்த வேறுபாடு 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். வானிலையில் எந்த மாற்றமும் இல்லாமலே காலைக்கும் மாலைக்கும் இடையே 20 மீட்டர் தோற்ற ஏற்றம் வந்துவிடும். அதனால் அங்கே முந்தைய நாளின் அதே நேரத்து எண்ணோடு ஒப்பிட்டால்தான் சரிவு உண்மையா என்று தெரியும். பதிவேட்டில் 'தோற்ற ஏற்றம்' சொல்லுக்கான விளக்கத்திலேயே இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

இன்னும் ஒன்று பாக்கி. ஓரிடத்தில் தங்கியதும் உயரத்தை மாறாமல் பிடித்துவைத்து, இனி வரும் மாற்றத்தையெல்லாம் வானிலைக் கணக்கில் சேர்க்கச் சொல்லும் அமைப்பு. 'உயரப் பூட்டு' என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். மலையேறுபவர்கள் யாரேனும் பேச்சில் வேறு சொல் புழங்கினால், அதையே எடுத்துக்கொள்வோம்.