அம்மாவுக்குக் கால்சியம் 7.1

செல்வி (மாலை 4.10): தைராய்டு ஆபரேஷன் முடிந்து 2 நாள். காலையிலிருந்து அம்மாவுக்கு உதட்டைச் சுற்றி மதமதவென்று இருக்கிறதாம். நர்ஸ் பிபி பட்டையை இறுக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்தார். கை தானாக மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. பயந்துவிட்டேன்.

மீனா சித்தி: ஐயோ! அக்காவுக்குப் பக்கவாதமா?

செல்வி: இல்லை சித்தி. ரத்தத்தில் கால்சியம் 7.1தானாம். அது குறைந்தால் பட்டை இறுக்கும்போது கை இப்படி மடங்குமாம். நரம்பில் ஏற்றுகிறார்கள்.

முருகன் மாமா: தினமும் 2 டம்ளர் பால் குடிப்பவளுக்கா?

கார்த்தி: பாலால் வந்ததில்லை மாமா. 8.5க்கு மேல் இருக்க வேண்டும். அதைக் காப்பது தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 4 பாராதைராய்டு சுரப்பிகள், ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். கால்சியம் கொஞ்சம் இறங்கினாலே பி.டி.எச். ஹார்மோனை விடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும், சிறுநீரில் போவதையும் தடுக்கும். தைராய்டை முழுதாக எடுக்கும்போது அந்த நாலுக்கும் ரத்த ஓட்டம் குறைந்து சுணங்கிப்போயிருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும்.

முருகன் மாமா: எலும்பிலிருந்து எடுத்தால் எலும்பு தேயாதா?

கார்த்தி: உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. குதிரிலிருந்து நெல் அள்ளுவதுபோல எடுப்பதும் திரும்ப வைப்பதும் தினமும் நடக்கும். பி.டி.எச். ஓயாமல் அதிகமாகச் சுரந்தால்தான் எலும்பு தேயும், சிறுநீரகத்தில் கல்லும் வரலாம்.

மீனா சித்தி: வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் காலை வெயிலில் உட்கார வைக்கலாமா? வைட்டமின் டி கிடைக்குமே.

கார்த்தி: உட்காரட்டும் அம்மா, ஆனால் அது மட்டும் போதாது. வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டியைச் சிறுநீரகம் மாற்றிக் கொடுத்தால்தான் குடல் கால்சியத்தை நன்றாக உறிஞ்சும். அப்படி மாற்றச் சொல்வதும் பி.டி.எச்.தான். அதனால்தான் மாற்றி முடித்த வடிவத்திலேயே கால்சிட்ரியால் தருகிறார்கள். செல்வி அக்கா, மக்னீசியமும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது ரொம்பக் குறைந்திருந்தால் பி.டி.எச். சரியாகச் சுரக்காது.

செல்வி: கேட்கிறேன். மாத்திரை எப்போது?

கார்த்தி: தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில். கால்சியம் அதற்கு 4 மணி நேரமாவது கழித்து, சாப்பாட்டோடு. டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. வீட்டில் மறுபடி மதமதப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.

செல்வி (இரவு 9.40): மக்னீசியம் சரியாக இருக்கிறது. கால்சியம் 8.0. அம்மா தயிர்சாதம் சாப்பிட்டார்.

மீனா சித்தி: கை?

செல்வி: இப்போதுதான் மறுபடி பட்டை கட்டிப் பார்த்தார்கள். நானும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்கவில்லை சித்தி.