டோன் கண்ட்ரோல் போட்டதும் சத்தம் குறையுது

கேள்வி: 12 வோல்ட் டிடிஏ2030 ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால ஐசி இல்லாத பேஸ், ட்ரெபிள் சர்க்யூட் போட்டிருக்கேன். பாட் (திருகுற வேரியபிள் ரெசிஸ்டர்) ரெண்டும் பி100கே. சத்தம் ரொம்பக் குறைஞ்சுடுச்சு, நடுவுல வெச்சாலும் பேஸ், ட்ரெபிள் ரெண்டும் தூக்கலா இருக்கு. ஏன்?

பதில் 1: ஐசி இல்லாத சர்க்யூட்ல நடு நிலையிலேயே சுமார் 20 டெசிபல் போயிடும், அதாவது சிக்னல் பத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். பூஸ்ட்னு கேக்கறது அந்த இழப்புல ஒரு பகுதி திரும்புறதுதான். அந்த சர்க்யூட்டுக்கு லாக் பாட் (திருப்புற அளவுக்கு சமமா மாறாதது) வேணும்; உங்க 'பி' லீனியர் (சமமா மாறுறது), அதனாலதான் நடுவுலயே ரெண்டும் தூக்கலா இருக்கு. அந்த பி பாட்டையே வெச்சு, பீட்டர் பேக்சண்டால் 1952-ல வெளியிட்ட ஃபீட்பேக் சர்க்யூட்டுக்கு (வெளியீட்டுல ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பறது) மாறிடுங்க சார். அதுல நடுவுல கெயின் 1, அதாவது சிக்னல் கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

பதில் 2: அந்த ஃபீட்பேக் சர்க்யூட்டுக்கு, ஒரு சேனலுக்கு ஒரு டிஎல்072 (உள்ளே ரெண்டு ஆப்-ஆம்ப், அதாவது சிக்னல் ஆம்ப்ளிஃபையர், இருக்கற ஐசி). பேஸ் பாட்டோட ரெண்டு முனையிலும் 10கே ரெசிஸ்டர், ஒவ்வொரு முனைக்கும் நடுக்காலுக்கும் இடையில 47 நானோஃபாரட் கெப்பாசிட்டர். சுமார் 340 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஏற ஆரம்பிச்சு 20 டெசிபல் வரை போகும். சின்ன ஸ்பீக்கர் தாங்காது; முனைகள்ல 10கே-க்குப் பதிலா 22கே போடுங்க, 15 டெசிபல்ல நிக்கும். நடுக்காலில இருந்து ஐசியோட மைனஸ் இன்புட்டுக்கு 10கே. ட்ரெபிளுக்கு முனைகள்ல 3.3கே, நடுக்காலில இருந்து அதே மைனஸுக்கு 4.7 நானோஃபாரட். பிளஸ் இன்புட்டுக்கு 6 வோல்ட்: 12 வோல்ட்டை ரெண்டு 10கே-யால பாதியாக்கி, 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்க.

பதில் 3: வால்யூம் பாட்டிலிருந்து நேரா குடுக்காதீங்க. அதோட ரெசிஸ்டன்ஸ் பேஸ் பாட் முனையில இருக்கற ரெசிஸ்டரோட சேர்ந்துக்கும், வால்யூமைத் திருப்பத் திருப்ப பேஸ் மாறும். டிஎல்072-ல மிச்சமிருக்கற ஆப்-ஆம்ப்பை நடுவுல பஃபரா (ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாதிக்காம பிரிக்கறது) வையுங்க. அதோட பிளஸுக்கும் 100கே வழியா அந்த 6 வோல்ட். உள்ளே, வெளியே கப்ளிங் கெப்பாசிட்டர் கட்டாயம். டிசி (நேர் மின்சாரம்) பாட் வழியா போனா திருப்பும்போது கரகரன்னு கேக்கும். பாட் பாடியை கிரவுண்டு பண்ணுங்க, ஹம் (உம்னு வர்ற இரைச்சல்) குறையும்.