டெக்சாஸ் வளர்ச்சி: வரியா, வீடா?

ஃப்ரிஸ்கோவாசி:
கலிபோர்னியா நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2020 கணக்கெடுப்பில் டெக்சாஸ் மக்கள்தொகை 2.91 கோடி. பத்து வருடத்தில் 40 லட்சம் பேர் கூடி, நாடாளுமன்றக் கீழவையில் 2 இடம் அதிகமாகக் கிடைத்தது. கலிபோர்னியாவோ சரித்திரத்தில் முதல்முறையாக ஓர் இடத்தை இழந்தது. டொயோட்டா டாலஸ் பக்கத்துப் பிளேனோவுக்கு வந்தது, டெஸ்லா ஆஸ்டினுக்கு வந்தது. எல்லாம் மாநில வருமான வரி இல்லாததால்தான். இனிப்பு இருக்கிற இடத்துக்குத்தானே எறும்பு வரும்?

சான்ஹோசேகாரன்:
எறும்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? அந்த 40 லட்சத்தில் ஏறக்குறைய பாதி, இறப்பைக் கழித்தால், அங்கேயே பிறந்த குழந்தைகள். பிறந்த குழந்தை வருமான வரியைப் பார்த்தா வந்தது? இன்னொன்று, கூடியவர்களில் ஹிஸ்பானிக் மக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) மட்டும் 19.8 லட்சம், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 1.87 லட்சம்தான். உங்கள் வளர்ச்சியைத் தூக்கி நிறுத்தியது கட்டட வேலைக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும். மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் உங்கள் மாநிலம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இதையும் சேர்த்துப் பெருமைப்படுங்கள்.

ஃப்ரிஸ்கோவாசி:
பிறப்பு என்றாலும் பெற்றோர் இங்கே தங்கியதால்தானே பிறந்தது! 2000-இல் எங்கள் டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் 33,000 சொச்சம் பேர், 2020-இல் 2 லட்சம். வேலை இல்லாமலா இத்தனை பேர் வந்தார்கள்? நம்ம ஊர்க்காரர்களே எத்தனை பேர், மளிகைக் கடையில் முருங்கைக்காய் வாங்கப் போனால் தமிழ்தான் காதில் விழுகிறது.

ஹூஸ்டன்_பழையவள்:
இரண்டு பேரும் வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். தம்பி, வருமான வரியில் மிச்சமானதைச் சொத்து வரி தின்றுவிடுகிறது என்பது வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் 1978-இல் வந்த சட்டப்படி சொந்த வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, இங்கே 10 சதவீதம் வரை ஏறலாம். 2023-இல் பள்ளி மாவட்ட வரி போடும்போது சொந்த வீட்டு மதிப்பில் கழிக்கும் விலக்கை 1 லட்சம் டாலராக உயர்த்தினார்கள், கொஞ்சம் மூச்சு விட முடிந்தது, அவ்வளவுதான்.

நான் பார்த்தவரை ஆளை இழுத்தது வீடு. ஹூஸ்டனில் எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று பிரிக்கும் மண்டலச் சட்டமே கிடையாது, நிலம் இருந்தால் கட்டிவிடலாம். ஆஸ்டினில் வாடகை எகிறியபோது அடுக்ககங்களாகக் கட்டித் தள்ளினார்கள், 2023-க்குப் பிறகு வாடகை இறங்கியது. உங்கள் சான்ஹோசேயில் அது நடக்குமா சார்? அனுமதி வாங்குவதற்குள் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும்.

சான்ஹோசேகாரன்:
அக்கா, அது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டிய வீட்டுக்குக் கரண்ட் வேண்டாமா? 2021 பிப்ரவரிக் குளிரில் 246 பேர் இறந்தார்கள் என்பது அரசு கொடுத்த கணக்கு. பக்கத்து மாநிலங்களிடமிருந்து போதுமான மின்சாரம் வாங்கக்கூட வழியில்லாமல் தனி மின்கட்டமைப்பு வைத்திருப்பது யார் தவறு?

ஹூஸ்டன்_பழையவள்:
அந்த ராத்திரிகளை நான் மறக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து போனை சார்ஜ் செய்தேன். அதில் உங்களோடு வாதாட எனக்கு எதுவும் இல்லை.

ஃப்ரிஸ்கோவாசி:
சரி, மின்சாரத்தில் தோற்றோம். வீடு மலிவு என்பதாவது நிற்கும்தானே?

ஹூஸ்டன்_பழையவள்:
எங்கே மலிவு என்று கேளுங்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பிளேனோ பள்ளி மாவட்டம் 4 பள்ளிகளை மூட முடிவெடுத்தது, வீட்டு விலைக்குச் சின்னக் குடும்பங்கள் அங்கே வர முடிவதில்லை. அதே நேரத்தில் வடக்கே செலினா 2023-இல் 26.6 சதவீதம் வளர்ந்து நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரம் ஆனது. என் அக்கா மகன் போன வருடம் அங்கேதான் வீடு வாங்கினான். விலை நல்ல விலைதான். காலையில் 380 நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பயந்து அவன் எத்தனை மணிக்குக் கிளம்புகிறான் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.