சுரங்கம் நம்ம வீட்டுக்குக் கீழே போனபோது: உங்க அனுபவம் என்ன?

லெவல்காரன்:

சென்னை மெட்ரோ முதல் கட்டத்தின் சுரங்க வேலையில் ஐந்து வருஷம் இருந்தேன். இன்ஜினியர் இல்லை. தரை இறங்குதா என்று அளக்கிற ஆள். முக்காலி மேல் ஆட்டோ லெவல் என்கிற மட்டம் பார்க்கும் கருவி, எதிரே ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலைப் பிடிக்க ஒரு பையன், கையில் ஒரு நோட்டு, அவ்வளவுதான். முதல் கட்டம் மொத்தம் 45 கி.மீ., அதில் 24 கி.மீ. பூமிக்கு அடியில். 32 நிலையங்களில் 19 நிலையங்கள் கீழே இருக்கின்றன. டி.பி.எம். என்கிற சுரங்கம் தோண்டும் மெஷின் வரும் பாதையின் மேல் இருக்கிற ரோட்டில் வரிசையாக ஆணி அடிப்போம். கட்டடச் சுவர்களில் சின்ன எஃகுக் குமிழ் பதித்து எண் போடுவோம். மெஷின் நெருங்க நெருங்க ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அளவெடுப்போம். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவிடுவோம். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். அதைவிடத் தெளிவான சாட்சி வேறெதுவும் இல்லை.

2013 வாக்கில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சந்து. சுண்ணாம்புக் காரையில் கட்டின பழைய வீடுகள், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டுச் சுவரைப் பார்க்கப் போவேன். அந்த வீட்டுப் பாட்டி ஐந்தாறு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு நாள், "இன்னாபா, காலங்காத்தால வந்து செவுத்தையே மொறைச்சுகினு நிக்கிற?" என்று கேட்டது. நான் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்போ உள்ள வா" என்று அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனது. தரையில் ஒரு கடப்பாக்கல். காலால் தட்டிக் காட்டி, "இதுக்குக் கீய கெணறு கீது. எங்க மாமியார் காலத்துல மூடுனது. மண்ணு பத்தல, ஓட்டாஞ்சில்லு, செங்கல்லு, கெடச்சத எல்லாம் கொட்டி மூடுனாங்க" என்றது.

எங்களிடம் இருந்த எந்த வரைபடத்திலும் அந்தக் கிணறு இல்லை. சுரங்கம் தோண்டுகிறவனுக்குப் பழைய கிணறு என்பது பெரிய விஷயம். மெஷினின் முகத்தில் மண்ணும் நிலத்தடி நீரும் கொடுக்கிற அழுத்தத்துக்குச் சமமாக நாமும் எதிர் அழுத்தம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். குறைந்தால் மேலே தரை இறங்கும், கூடினால் அழுத்தம் கொடுக்கச் செலுத்துகிற பெண்டனைட் களிமண் குழம்பு கிடைத்த ஓட்டையில் மேலே பீறிடும். சரியாக மூடாத கிணறுதான் அதற்கு முதல் வழி. ஆபீஸில் சொன்னேன். மறுநாளே வந்து துளை போட்டுப் பார்த்தார்கள், உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். மூன்று நாள் சிமென்ட் பால் இறக்கினார்கள். அந்த மூன்று நாளும் பாட்டி வெளித்திண்ணையில்தான் சமைத்தது.

மெஷின் கடந்து போன ராத்திரி நான் அங்கேதான் நின்றேன். குமிழ் சில மில்லிமீட்டர் இறங்கியது. கண்ணாடி உடையவில்லை. அதன் பிறகு போன ஒவ்வொரு தெருவிலும் வயதானவர்களைத் தேடிப்பிடித்து முதலில் கேட்டது, "இங்கே பழைய கிணறு எங்கே இருந்தது?" என்றுதான். இந்தச் சுரங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மெஷினைப் பற்றி எழுதுகிறார்கள், திறந்து வைத்தவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். மேலே குடியிருந்தவர்கள் சொன்னதும் அதில் சேர வேண்டும். அதனால் கேட்கிறேன், உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள்.

ஜி.பி.ரோடு ஸ்பேர்ஸ்:

அண்ணே, எங்க கடை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். வண்டி உதிரி பாகங்கள், அப்பா காலத்துக் கடை. மவுண்ட் ரோட்டை ஒருவழியாக்கி வண்டியை எல்லாம் எங்க பக்கம் திருப்பிவிட்ட நாளில் இருந்து நான் பார்த்தவன். ஆயிரம் வண்டி கடையைத் தாண்டிப் போகும், ஒன்று நிற்காது. நிற்க இடம் இல்லை. மதுரை, சேலத்தில் இருந்து வருகிற பழைய வாடிக்கையாளர்கள் போனிலேயே ஆர்டர் சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இடையில் ஒரு ஒப்பந்தக்காரர் வேலையைப் பாதியில் விட, மறுபடி டெண்டர், மறுபடி காத்திருப்பு. தகரத் தடுப்பில் செடி முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பையன்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டி வந்தது. அது இன்றைக்கும் மனசில் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள் எங்க கடைவாசலில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மேலெல்லாம் சாம்பல் நிறச் சேறு. கீழே என்ன இருக்கு என்று ஒரு பையனிடம் கேட்டேன். தமிழ் அரைகுறை. "மேல மணல், கீழ கல்லு. மெஷினுக்குக் கஷ்டம்" என்றான். அப்போது புரியவில்லை. லெவல்காரன் அண்ணே, அது என்ன கணக்கு?

லெவல்காரன்:

தம்பி, அந்தப் பையன் சொன்னதுதான் இந்தத் தடத்தின் மொத்தக் கஷ்டமும். முழுக்க மணல் என்றால் ஒரு மாதிரி ஓட்டலாம், முழுக்கப் பாறை என்றால் இன்னொரு மாதிரி. ஒரே வட்டத்தில் அடிப்பாதி பாறை, மேல்பாதி மணல் என்றால் கட்டர் கல்லைச் சுரண்டிக்கொண்டு மெதுவாகத்தான் நகரும், அதற்குள் மேலே இருக்கிற மணல் சரிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். தோண்ட வேண்டியதைவிட அதிக மண் வந்துவிட்டால் மேலே கண்ணுக்குத் தெரியாத பொந்து உருவாகும். தெற்கே பரங்கிமலைப் பக்கம் கிடக்கிறது பாருங்கள் சார்னோகைட், கருமையான கெட்டிக் கல், அந்த ஜாதிதான் நகரத்துக்கு அடியிலும். கட்டர் பற்களை அது தின்றுவிடும். பல்லை மாற்ற அழுத்தக் காற்று அறைக்குள் ஆள் இறங்க வேண்டும். இறங்கியவர்களை எனக்குத் தெரியும். மேலே நின்று அளந்த எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆயிரம் விளக்கு அத்தை:

அந்தப் பொந்து வெளியே தெரிந்த நாளில் நான் அங்கே இருந்தேன். 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வீடு திரும்பிச் சாப்பிட்டு, அக்கா வீட்டுக்குக் கிளம்பியிருந்தேன். அண்ணா சாலையில் ஆட்கள் ஓடுகிறார்கள். ரோட்டின் நடுவில் பள்ளம், அதில் 25ஜி பஸ் முன்பக்கம் இறங்கி நிற்கிறது, பக்கத்தில் ஒரு கார். பஸ்ஸில் இருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கிக் கூட்டி வந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு குழந்தை செருப்பு விழுந்துவிட்டதென்று அழுதுகொண்டே இருந்தது, அதுதான் கண்ணில் நிற்கிறது. வார நாளாக இருந்திருந்தால் அந்த ரோட்டில் எத்தனை பேர்! நினைக்கவே பயம்.

அதற்கப்புறம் ரெண்டு வருஷம் அந்த இடத்தை நடந்து கடக்கவே மாட்டேன். 2019 பிப்ரவரி 10-ஆம் தேதி டி.எம்.எஸ்.ஸில் இருந்து வண்ணாரப்பேட்டை வரை திறந்தார்கள். அதோடு முதல் கட்டம் முழுசாச்சு. என் மகள் வற்புறுத்திக் கூட்டிப்போனாள். ஆயிரம் விளக்கில் ஏறி எல்.ஐ.சி. வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம். இப்போது வாரம் மூன்று நாள் போகிறேன்.

நந்தனம் பயணி:

எனக்குப் பார்வை இல்லை. நந்தனத்தில் வீடு, எழும்பூரில் வேலை. சென்ட்ரலில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறுவேன். நீங்கள் எல்லாரும் மேலே இருந்து சொன்னீர்கள், நான் உள்ளே இருந்து சொல்கிறேன்.

முன்னே பஸ்ஸில் போனபோது யாராவது நம்பர் படித்துச் சொன்னால்தான் ஏற முடியும். இங்கே மேடு தட்டும் ஓடுகள் படிக்கட்டு வரை, கதவு வரை கூட்டிப்போகின்றன. சுரங்க நிலையங்களில் நடைமேடை விளிம்பில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. குளிர்காற்று வெளியே போகாமல் இருக்க அது உதவும் என்பார்கள். எனக்கு அது வேறு: விளிம்பு என்கிற பயமே இல்லை. புறநகர் ரயிலில் பதினைந்து வருஷம் அந்தப் பயத்தோடு நின்றவன் நான்.

காதால் தடத்தைப் படிக்கலாம். சுரங்கத்துக்குள் சத்தம் பெட்டியைச் சுற்றி இறுகப் பிடிக்கும். நிலையம் நெருங்கும்போது அந்தப் பிடி தளரும், அறிவிப்புக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். சென்ட்ரல் ரொம்ப ஆழம், சுமார் 28 மீட்டர் என்று ஒரு ஊழியர் சொன்னார். இரண்டு தடங்களும் வேறு வேறு தளத்தில். ஆரம்பத்தில் அங்கே குழம்பி நின்ற ஒரு சாயங்காலம், துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் என் கையைப் பிடிக்காமல், தன் தோளைக் கொடுத்தார். பார்வையற்றவர்களை அப்படித்தான் கூட்டிப்போக வேண்டும், பலருக்குத் தெரியாது. "உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றேன். "எங்க அண்ணன் உங்கள மாதிரிதாங்க" என்றார். ஒரு வாரம் அதே நேரத்துக்கு வந்து வழியை மனப்பாடம் ஆக்கிவிட்டார்.

விடுமுறை நாளில் எதிர்த்திசையில் விமான நிலையம் வரை சும்மா போய் வருவேன். சைதாப்பேட்டை தாண்டி சின்னமலைக்கு வண்டி மேலே ஏறும்போது முகத்தில் வெயில் வந்து விழும். பக்கத்தில் இருக்கிறவர்களின் போன் எல்லாம் ஒன்றாகச் சத்தம் போடும். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

லெவல்காரன்:

நந்தனம் ஐயா, அந்த ஏற்றத்தில் மாதக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் வெயிலை இப்படி யோசித்ததில்லை. நன்றி. அத்தை, நீங்கள் சொன்ன பள்ளம் எங்களில் யாருக்கும் மறக்காது. அன்றைக்கு நான் வேறு பகுதியில் இருந்தேன். இருந்தாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரலுக்கும் அரசினர் தோட்டத்துக்கும் நடுவே ரயில் கூவத்துக்கு அடியில் போகிறது. மேலே பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன ஆற்றைக் கீழே உணராமலே கடக்கிறோம். உள்ளே வளையம் வளையமாகக் கான்கிரீட் செக்மென்ட், அதாவது வார்த்துக் கொண்டுவந்து சேர்க்கிற துண்டுகள். ஒவ்வொரு வளையத்திலும் கடைசியாகச் செருகுகிற ஆப்புத் துண்டுதான் எல்லாவற்றையும் இறுக்குகிறது. துண்டுகளின் இடுக்கில் ரப்பர் பட்டை. ஆற்றுத் தண்ணீரை வெளியே நிறுத்துவது அந்த மெல்லிய பட்டை என்றால் நம்ப முடிகிறதா!

கச்சேரி ரோடு வாசி:

சார், ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசனை. நாங்கள் மயிலாப்பூர். இரண்டாம் கட்டத்தில் 118.9 கி.மீ., மூன்று தடங்கள். எங்கள் திருமயிலையில் மட்டும் 35 மீட்டர் ஆழத்துக்கு நிலையம் தோண்டுகிறார்கள். எங்கள் தெருவுக்குக் கீழே மெஷின் இனிமேல்தான் வரும் என்கிறார்கள். போன மாதம் வந்து சுவரில் குமிழ் அடித்து எண் போட்டுவிட்டுப் போனார்கள். என்னவென்று கேட்கவில்லை, கொஞ்சம் கோபமாகக்கூடப் பேசிவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு இருந்தது. தாத்தா காலத்தில் தண்ணீர் உப்பாகிவிட்டதென்று மூடினார்கள். இப்போது அதன் மேல் வாஷிங் மெஷின் நிற்கிறது. அவர்களிடம் சொல்ல வேண்டுமா?

லெவல்காரன்:

உடனே சொல்லுங்கள் அம்மா. எப்போது மூடினார்கள், எதைக் கொட்டினார்கள், எவ்வளவு ஆழம், பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாஷிங் மெஷினை நகர்த்திவிடுங்கள். குமிழ் மேல் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறு, ஆறரைக்கு ஒரு பையன் முக்காலியோடு வருவான், அவனிடமே சொன்னால் போதும்.

கச்சேரி ரோடு வாசி:

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். 40 அடியாம். பாதி வரைக்கும்தான் மண் போட்டார்களாம்.